வரையறுத்த தொகை 0 என்று வருகிறது, அணியின் தரமும் இடிக்கிறது (மேக்சிமா / சிம்பை)

கரிக்கோல்:

1/(2 + காஸ் எக்ஸ்) என்ற சார்பை 0 முதல் 2 பை வரை தொகையிட வேண்டும். மேக்சிமா என்ற குறியீட்டுக் கணித மென்பொருளில் முதலில் வரம்பு இல்லாமல் கொடுத்தேன்:

இன்டெக்ரேட்(1/(2+காஸ்(எக்ஸ்)), எக்ஸ்);

விடை (2/√3) × ஆர்க்டேன்( சைன் எக்ஸ் / (√3 × (காஸ் எக்ஸ் + 1)) ). வகையிட்டுப் பார்த்தால் கொடுத்த சார்பே திரும்பி வருகிறது. ஆனால் 2 பை, 0 இரண்டையும் இட்டுக் கழித்தால் 0.

அப்படி வர வழியே இல்லை. காஸ் 1ஐத் தாண்டாது, ஆகவே சார்பு 1/3க்குக் கீழே இறங்காது. பரப்பு குறைந்தபட்சம் 2 பை/3, அதாவது 2.094 இருந்தாக வேண்டும். மென்பொருளில் பிழையா, வரம்பை இட்ட முறையில் பிழையா?

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துதான், எல்லாம் சிறிய எழுத்து.)

மூலவிட்டம்:

அந்தச் சார்பு எக்ஸ் = பை என்ற இடத்தில் உடைகிறது. அதுதான் காரணம். டேன்(எக்ஸ்/2) என்று பிரதியிட்டு விகிதமுறு சார்பாக மாற்றித்தான் இந்த வகைத் தொகைகளை மென்பொருள் போடுகிறது. டேன்(எக்ஸ்/2) பையில் முடிவிலிக்குப் போய்விட்டு மறுபக்கம் எதிர் முடிவிலியிலிருந்து கிளம்பும். ஆர்க்டேன் அதை பை/2லிருந்து −பை/2க்குத் தாவலாக மாற்றிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பைக்கு இடப்பக்க எல்லை பை/√3, வலப்பக்க எல்லை −பை/√3. தாவலின் அளவு 2 பை/√3 = 3.6276. காணாமல் போன விடை அப்படியே அந்தத் தாவலுக்குள் கிடக்கிறது. நுண்கணித அடிப்படைத் தேற்றம் இடைவெளி முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கும் எதிர்வகையீட்டுக்குத்தான் (வகையிட்டால் கொடுத்த சார்பைத் தருவதற்குத்தான்) செல்லும். நீங்கள் இட்டது தொடர்ச்சியற்ற ஒன்று.

சரிசெய்ய மூன்று வழி. எளியது: வரம்பையும் சேர்த்தே கட்டளையில் கொடுப்பது. வரையறுத்த தொகைக்கு மேக்சிமாவில் தனி வழிமுறைகள் உண்டு, அவை வெறுமனே இட்டுக் கழிப்பதில்லை. இரண்டாவது: பையில் இரண்டாகப் பிளந்து, லிமிட் கட்டளையில் மைனஸ், பிளஸ் போட்டு இருபக்க எல்லையையும் தனித்தனியாக எடுப்பது. மூன்றாவது: தொடர்ச்சியான வடிவத்தைப் பயன்படுத்துவது.

எக்ஸ்/√3 − (2/√3) × ஆர்க்டேன்( சைன் எக்ஸ் / (2 + √3 + காஸ் எக்ஸ்) )

இதில் பகுதி ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. 2 பை இட்டால் ஆர்க்டேன் உறுப்பு விழுந்துவிடும், 2 பை/√3 மட்டும் நிற்கும். இந்த வடிவத்தை முறையாகக் கறந்தெடுக்கும் வழியை ஜெஃப்ரி, ரிச் இருவரும் 1994ல் எழுதிவிட்டார்கள். ஆனாலும் பாதி மென்பொருள்கள் இன்னும் உடைந்த வடிவத்தைத்தான் தருகின்றன.

பைத்தான்பிடாரன்:

சிம்பையில் (பைத்தானின் குறியீட்டுக் கணித நூலகம்) இதே தொகையைக் கேட்டால் ஆர்க்டேன் பக்கத்தில் பை × ஃப்ளோர்(...) என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதை வெட்டிவிட்டு விடைத்தாளில் எழுதுகிறார்கள். அந்த வால்தான் தாவலை ஈடுகட்டுகிறது. வெட்டினால் கரிக்கோல் சொன்ன 0 தான் மிஞ்சும்.

கரிக்கோல், உங்கள் பதிவில் முக்கியமான இடம் "வகையிட்டுப் பார்த்தால் திரும்பி வருகிறது" என்பது. அந்தச் சோதனையால் தாவலைப் பிடிக்க முடியாது. படிப்படியாகத் தாவும் சார்பின் வகைக்கெழு தாவல் தவிர மற்ற எல்லா இடத்திலும் 0. அதை எதிர்வகையீட்டோடு கூட்டினாலும் வகைக்கெழு மாறப்போவதில்லை. வரையறாத் தொகைக்கு வகையிட்டுப் பார்ப்பது போதும். வரையறுத்த தொகைக்கு எண்முறைச் சோதனை வேண்டும்.

மேக்சிமாவில் அதற்கு குவாட்_குவாக்ஸ். நான்கு எண்கள் திரும்பும்: மதிப்பு, பிழை மதிப்பீடு, சார்பை எத்தனை முறை கணக்கிட்டது, பிழைக்குறி. பலரும் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான்காவதைப் பாருங்கள்: 0 என்றால் சிக்கல் இல்லை. 5 என்றால் தொகை விரியலாம், அல்லது மிக மெதுவாகக் குவிகிறது என்று பொருள். 1/எக்ஸ்² ஐ −1 முதல் 1 வரை கையால் இட்டுக் கழித்தால் −2 வரும், நேர்மச் சார்புக்கு எதிர்மப் பரப்பு. அங்கெல்லாம் இந்தக் குறிதான் கையைப் பிடித்து இழுக்கும்.

வெண்பலகை:

எண்முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஈ^(−எக்ஸ்²) ஐ 0 முதல் 10000 வரை குவாட்_குவாக்ஸிடம் கொடுத்துப் பாருங்கள். உண்மையான விடை √பை/2 = 0.8862. கிடைப்பதோ நடைமுறையில் 0, பிழை மதிப்பீடும் மிகச் சிறியது, பிழைக்குறியும் சுத்தம்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் சுற்றில் 21 புள்ளிகளில் மட்டும் சார்பைத் தொட்டுப் பார்க்கும். 0க்கு மிக அருகில் உள்ள புள்ளியே ஏறக்குறைய 21.7ல் விழுகிறது. அங்கே சார்பின் மதிப்பு 10⁻²⁰⁰ஐ விடச் சிறியது. எல்லாப் புள்ளியிலும் பூஜ்யம், ஆகவே தொகையும் பூஜ்யம் என்று திருப்தியாக முடித்துக்கொள்ளும். மேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வரம்பை 0–10, 10–10000 என்று பிளந்து கொடுங்கள். வரம்பு உண்மையிலேயே முடிவிலி என்றால் அதற்கென்றே குவாட்_குவாகி இருக்கிறது.

தென்காசிக்காரன்:

அண்ணே, இதுல எனக்கு ஒரு சந்தேகம். மாறிலி ஒண்ணு உள்ள வந்தா மேக்சிமா கேள்வி மேல கேள்வி கேக்குது. எக்ஸ்^என் தொகை கேட்டா "என் −1க்குச் சமமா?"ங்குது. ஈ^(−அ எக்ஸ்²) முடிவிலி வரைக்கும் கேட்டா "அ நேர்மமா, எதிர்மமா, பூஜ்யமா?"ங்குது. மேத்தமேட்டிக்கா இப்படி நச்சரிக்கிறது இல்லையே. எதை நம்புறது?

மூலவிட்டம்:

கேட்பதுதான் நல்லது தம்பி. எக்ஸ்^என் தொகைக்கு மேத்தமேட்டிக்கா எதையும் கேட்காமல் எக்ஸ்^(என்+1)/(என்+1) என்று நீட்டிவிடும். என் = −1 ஆனால் பகுதி பூஜ்யம், அங்கே விடை மடக்கை. பொதுவாக என்ன உண்மையோ அதைச் சொல்லிவிட்டு, விதிவிலக்கை உன் தலையில் கட்டிவிடுகிறது. சிம்பை கேள்வி கேட்காது, ஆனால் பீஸ்வைஸ் என்று இரண்டு கிளையாகப் பிரித்து இரண்டையும் கையில் கொடுக்கும். மூன்றும் மூன்று குணம்.

மேக்சிமாவில் கேள்வியைத் தவிர்க்க முன்கூட்டியே அசியூம்(அ > 0) என்று சொல்லிவிடு. ஒரு எச்சரிக்கை: அது அந்த அமர்வு முடியும் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். அரைமணி கழித்து அதே எழுத்தை வேறு கணக்கில் பயன்படுத்தினால் பழைய அனுமானம் சத்தமில்லாமல் புகுந்துகொள்ளும். ஃபேக்ட்ஸ்() என்று கேட்டால் இப்போது என்னென்ன நம்பிக்கொண்டிருக்கிறது என்று காட்டும், ஃபர்கெட்(அ > 0) என்றால் விட்டுவிடும்.

பைத்தான்பிடாரன்:

சிம்பையில் இதற்கு நேரெதிரான பொறி. அனுமானம் அங்கே குறியீட்டோடு பிறக்கிறது: சிம்பல் உருவாக்கும்போதே பாசிட்டிவ்=ட்ரூ. பொறி என்னவென்றால், எக்ஸ் என்ற பெயரில் அனுமானம் உள்ள ஒன்றும் இல்லாத ஒன்றும் இரண்டு வேறு ஆட்கள். திரையில் இரண்டும் எக்ஸ் என்றே தெரியும். முதல் வரியில் சாதா எக்ஸை வைத்துச் சார்பை எழுதி, பிறகு பாசிட்டிவ் எக்ஸ் உருவாக்கி, அதற்கு மதிப்பை சப்ஸ் (பிரதியீடு) செய்தால் எதுவும் மாறாது, பிழைச்செய்தியும் வராது. குறியீடுகளை எல்லாம் கோப்பின் தலையில் ஒரே இடத்தில் ஒரே முறை அறிவியுங்கள்.

இன்னொன்று: √(எக்ஸ்²) எக்ஸாகச் சுருங்கவில்லை என்று புகார் வருகிறது. சுருங்கக் கூடாது. எக்ஸ் மெய்யெண் என்றால் அது மட்டு எக்ஸ், நேர்மம் என்று சொன்னால்தான் எக்ஸ். அதேபோல் 1/எக்ஸ் தொகையிட்டால் வருவது லாக்(எக்ஸ்), அது இயல் மடக்கை; மட்டுக்குறி இருக்காது. எதிர்ம இடைவெளியில் இட்டால் ஐ பை (ஐ என்பது கற்பனை அலகு √−1) தலைகாட்டும். மேல் கீழ் இரண்டிலும் ஒரே ஐ பை என்பதால் கழிக்கும்போது விழுந்துவிடும், பதற வேண்டாம்.

கரிக்கோல்:

நன்றி, தாவல் தெளிவாகிவிட்டது. கேட்டதையே திருப்பித் தரும்போது என்ன முடிவுக்கு வருவது? எக்ஸ்^எக்ஸ் கொடுத்தால் தொகைக்குறியோடு அப்படியே திரும்புகிறது. அடிப்படைச் சார்புகளில் விடை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூலவிட்டம்:

எக்ஸ்^எக்ஸுக்கு உண்மையிலேயே இல்லை. ஆனால் "திரும்பி வந்தது, ஆகவே இல்லை" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு சார்புக்கு அடிப்படை எதிர்வகையீடு உண்டா என்று தீர்மானிக்கும் முறையை ரிஷ் 1969ல் வெளியிட்டார். அதை முழுமையாக நிரலாக்குவது பெரும்பாடு, குறிப்பாக வர்க்கமூலம், கனமூலம் உள்ளே வந்தால். மேக்சிமாவிலும் சிம்பையிலும் இருப்பது அதன் ஒரு பகுதிதான். அவை கைவிரித்தால் "எனக்குத் தெரியவில்லை" என்று மட்டுமே பொருள்.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல சார்பு: எக்ஸ்/√(எக்ஸ்⁴ + 10எக்ஸ்² − 96எக்ஸ் − 71). இதற்கு மடக்கை வடிவில் நீண்ட விடை இருக்கிறது. 71ஐ 72 ஆக்குங்கள், விடையே இல்லாமல் போய்விடும். ஃப்ரிகாஸ் என்ற இன்னொரு குறியீட்டு மென்பொருள் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்லும். இயற்கணிதச் சார்புகளில் சந்தேகம் வந்தால் ஃப்ரிகாஸிடம் கேட்பதுதான் என் பரிந்துரை. இடைமுகம் பழையகாலத்து ஆள் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்பலகை:

நடுவில் ஒன்று. விடை விசித்திரமாக இருந்தால் உடனே பிழை என்று புகார் எழுதிவிடாதீர்கள். சைன் எக்ஸ்/எக்ஸ் ஐ 0 முதல் ∞ வரை தொகையிட்டால் பை/2. அதோடு சைன்(எக்ஸ்/3)/(எக்ஸ்/3) ஐப் பெருக்கினாலும் பை/2. 5, 7, 9, 11, 13 என்று சேர்த்துக்கொண்டே போனாலும் பை/2. 15ஐச் சேர்த்ததும் பை/2க்கு 2.31×10⁻¹¹ குறைவாக, மேலும் கீழும் முப்பது இலக்கப் பின்னத்தோடு ஒரு விடை வரும். அது சரியான விடை. 1/3 + 1/5 + … + 1/13 = 0.955, 1/15 சேர்ந்தால் 1.02, கூட்டல் 1ஐத் தாண்டும் இடத்தில் ஒழுங்கு உடைகிறது. போர்வைன் தந்தையும் மகனும் 2001ல் இதை எழுதினார்கள். பத்து இலக்கம் மட்டும் பார்க்கும் எண்முறைக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

கரிக்கோல்:

சரி, அணிப் பக்கம் வருகிறேன். மேக்சிமாவில் (1, 2, 3, 4) என்ற 2×2 அணியை (நிரை நிரையாக எழுதுகிறேன்) ஏ என்று வைத்தேன். ஏ^−1 கொடுத்தால் (1, 1/2, 1/3, 1/4) வருகிறது.

பைத்தான்பிடாரன்:

ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகத் தலைகீழாக்கிவிட்டது. மேக்சிமாவில் * , ^ இரண்டும் உறுப்புக்கு உறுப்பு வேலை செய்யும். அணிப்பெருக்கலுக்குப் புள்ளி, அணி அடுக்குக்கு இரட்டைக்கூரை.

ஏ * ஏ → (1, 4, 9, 16)
ஏ . ஏ → (7, 10, 15, 22)
ஏ^^−1 → (−2, 1, 3/2, −1/2)

இன்வர்ட்(ஏ) என்று எழுதினால் குழப்பமே இல்லை. புள்ளிக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள், எண் பக்கத்தில் ஒட்டினால் தசமப்புள்ளியாகப் படித்துவிடும்.

மேத்தமேட்டிக்காவிலும் புள்ளிதான் அணிப்பெருக்கல். அங்கே கூடுதலாக ஒரு வலை: அணியை வரையறுக்கும் வரியிலேயே மேட்ரிக்ஸ்ஃபார்ம் ஒட்டினால், பெயருக்குள் போவது அணி அல்ல, அணியின் படம். பிறகு இன்வர்ஸ் வேலை செய்யாது. அழகாகக் காட்டுவதைத் தனி வரியில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ப் என்றால் உறுப்புக்கு உறுப்பு, மேட்ரிக்ஸ்எக்ஸ்ப் என்றால்தான் அணியின் அடுக்குக்குறிச் சார்பு.

சிம்பையில் * அணிப்பெருக்கலேதான், அடுக்குக்கு **. நம்பையில் (பைத்தானின் எண்முறை நூலகம்) * மறுபடி உறுப்புக்கு உறுப்பு, அணிப்பெருக்கலுக்கு @. இரண்டையும் ஒரே கோப்பில் கலப்பவர்கள் 2×2 எண் அணி ஒன்றைப் பெருக்கிப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

தென்காசிக்காரன்:

சிம்பைல எனக்கு அணியோட தரம் (ஒண்ணையொண்ணு சாராத நிரை எத்தனைங்கிறது) தப்பா வருது. முதல் நிரை 0.1+0.2, 0.3. ரெண்டாவது நிரை 1, 1. தரம் 1 வரணும், 2ன்னு சொல்லுது.

பைத்தான்பிடாரன்:

0.1 + 0.2 இரும எண்ணில் 0.3 ஆகாது, 0.30000000000000004. ஆக அணிக்கோவை 0 இல்லை, 5.55×10⁻¹⁷. குறியீட்டு மென்பொருளுக்கு "கிட்டத்தட்ட பூஜ்யம்" என்ற ஒன்றே கிடையாது. பூஜ்யம், அல்லது பூஜ்யம் இல்லை. தரம் 2 என்று சொல்லி, நேர்மாறும் எடுத்துக் கொடுக்கும், உறுப்புகள் 10¹⁶ அளவில். அப்படிப்பட்ட பூத எண்களைப் பார்த்தாலே எங்கோ தசமம் கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தீர்வு: தசமத்தை உள்ளே விடாதே. ரேஷனல்(1, 10) என்று எழுது, அல்லது மேற்கோளுக்குள் ரேஷனல்('0.1'). வெறும் 1/3 என்று எழுதினால் பைத்தான் முந்திக்கொண்டு 0.333… ஆக்கிவிடும், சிம்பை கைக்கு வரும்போது பின்னம் செத்திருக்கும். ஏற்கெனவே தசமமாக வந்த தரவு என்றால் என்சிம்ப்ளிஃபை, ரேஷனல்=ட்ரூ.

மேக்சிமா வேறு மாதிரி. சால்வ் போன்ற கட்டளைகளில் "0.3க்குப் பதில் 3/10 வைத்தேன்" என்று அதுவே மாற்றிக்கொண்டு ஒரு வரி அச்சிடும். அது பிழைச்செய்தி அல்ல, படித்துவிட்டு நகரலாம்.

மூலவிட்டம்:

தரத்தில் இதைவிட ஆபத்தானது மாறிலி உள்ள அணி. (1, கே, கே, 1) ஐக் கொடுத்துத் தரம் கேளுங்கள். எல்லா மென்பொருளும் 2 என்றுதான் சொல்லும். நிரைவழிச் சுருக்கிய ஏறுபடி வடிவம் கேட்டால் அழகான அலகு அணி வரும், கே இருந்த சுவடே இருக்காது. ஆனால் கே = 1 அல்லது −1 என்றால் தரம் 1. சுருக்கும்போது வழியில் 1 − கே² ஆல் வகுத்திருக்கிறது, அதை உங்களிடம் சொல்லவில்லை. எக்ஸ்^என் கதைதான் இங்கேயும்.

எனவே மாறிலி இருந்தால் ஏறுபடி வடிவத்தைத் தொடாதீர்கள். முதலில் அணிக்கோவை, அதைக் காரணிப்படுத்துங்கள், பூஜ்யமாக்கும் மதிப்புகளைப் பட்டியலிடுங்கள், ஒவ்வொன்றையும் மூல அணியில் இட்டுத் தனியாகத் தரம் காணுங்கள். தேர்வுகளில் "கேயின் எம்மதிப்புகளுக்குத் தீர்வு இல்லை, எண்ணற்ற தீர்வுகள் உண்டு" என்று கேட்பதெல்லாம் இந்தத் தனி மதிப்புகளைத்தான்.

கரிக்கோல்:

முழுக்க எழுத்துகளாலான 6×6 அணிக்கு நேர்மாறு கேட்டேன், கணினி உறைந்தே போனது. நினைவகம் போதாதா?

வெண்பலகை:

நினைவகத்தைக் கூட்டினால் 7×7ல் உறையும், அவ்வளவுதான். 6×6 அணிக்கோவையை விரித்தால் 720 உறுப்புகள், 8×8 என்றால் 40,320, 10×10 என்றால் 36,28,800. நேர்மாறில் 36 இடம், ஒவ்வொன்றின் தொகுதியிலும் 120 உறுப்புகள், பகுதியில் அந்த 720. அதைக் கண்டுபிடித்தாலும் யார் படிப்பது?

பெரும்பாலும் நேர்மாறு தேவையே இல்லை. ஏ எக்ஸ் = பி ஐத் தீர்க்க வேண்டும் என்றால் நேரே தீர்வு கேளுங்கள், சிம்பையில் எல்யூசால்வ். உண்மையில் மாறிலியாக இருக்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான் இருக்கும், மற்றவற்றுக்கு முதலிலேயே எண் கொடுங்கள். நேர்மாறு கட்டாயம் வேண்டும் என்றால் மேக்சிமாவில் டீட்அவுட்டை ட்ரூ ஆக்கி, டூஆல்எம்எக்ஸ்ஆப்ஸ், டூஎஸ்சிஎம்எக்ஸ்ஆப்ஸ் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். அணிக்கோவை வெளியே ஒருமுறை மட்டும் நிற்கும், உள்ளே வெறும் இணைக்காரணிகள். சிம்பையில் அணிக்கோவைக்கு முறையை நீங்களே சொல்லலாம்: எண்களுக்கு பேரைஸ் நன்றாக ஓடும், குறியீடு நிறைந்தவற்றுக்கு வகுத்தலே செய்யாத பெர்கோவிட்ஸைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் எண்கள், அளவு நூறைத் தாண்டுகிறது என்றால் நம்பைக்குப் போய்விடுங்கள். அங்கே குறியீட்டு மென்பொருளைக் கட்டி இழுப்பது வீண்.

மூலவிட்டம்:

கடைசி வரிக்கு ஒரு திருத்தம். அளவு மட்டும் பார்க்கக் கூடாது. ஹில்பர்ட் அணி (உறுப்புகள் 1, 1/2, 1/3 என்று போகும்) வெறும் 10×10 தான், நிலைமை எண் (உள்ளே வரும் பிழை எத்தனை மடங்கு பெருகலாம் என்பது) 1.6×10¹³. இரட்டைத் துல்லியத்தின் பதினாறு இலக்கத்தில் பதின்மூன்று போய்விடும், நம்பகமானது மூன்று. பின்னமாகச் செய்தால் அதே நேர்மாறின் உறுப்புகள் எல்லாமே முழு எண்கள். 5×5க்கு அணிக்கோவையின் தலைகீழ் 266716800000 என்று முழுசாக வரும், மென்பொருளைச் சோதிக்க நல்ல எண்.

தென்காசிக்காரன்:

கடைசியா ஒண்ணு. (2, 1, 0, 1, 3, 1, 0, 1, 5). 3×3 சமச்சீர் அணி, ஐகன் மதிப்பு எல்லாம் மெய்யெண்ணாத்தான் இருக்கணும். சிம்பை விடைல கனமூலமும் ஐயும் கலந்துகிடக்கு.

மூலவிட்டம்:

சிறப்புச் சமன்பாடு λ³ − 10λ² + 29λ − 23 = 0. விகிதமுறு மூலம் இல்லை, மூன்றும் மெய். இந்த வகை முப்படிச் சமன்பாட்டைக் கனமூலங்களால் எழுத வேண்டும் என்றால் கலப்பெண் வழியாகப் போவதைத் தவிர வேறு வழியே கிடையாது. கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று சரியாக அடித்துக்கொள்ளும், ஆனால் எழுத்தில் ஐ இருந்தே தீரும். எண்ணாக்கினால் 1.300, 3.239, 5.46 பக்கத்தில் 10⁻²⁰ அளவில் ஒரு ஐ வால் தொங்கும்; இவாலெஃப் கட்டளையில் சாப்=ட்ரூ கொடுத்தால் உதிர்ந்துவிடும். கூட்டிப் பார், மூலைவிட்டக் கூடுதல் 10 வரவேண்டும்.

5×5லிருந்து பொதுவாகச் சூத்திரமே இல்லை. சிம்பை பிழைச்செய்தி தந்தால் அணியைக் குறை சொல்லாதே. சிறப்புப் பல்லுறுப்புக்கோவையை சார்பாலியால் எடுத்து, அதன் மூலங்களை என்ரூட்ஸால் எண்ணாக வாங்கு.

கரிக்கோல்:

ஒரு சின்னக் கேள்வி மிச்சம். மேக்சிமாவில் பி: ஏ என்று நகல் எடுத்து, பியின் முதல் உறுப்பை மாற்றினேன். ஏயும் மாறிவிட்டது.

பைத்தான்பிடாரன்:

அது நகல் அல்ல, ஒரே அணிக்கு இரண்டு பெயர். பி: காப்பிமேட்ரிக்ஸ்(ஏ) என்று எழுதுங்கள். சிம்பையிலும் இதே கதைதான், அங்கே ஏ.காப்பி().